எட்டு மடங்கு அண்டாவை நான் கேட்கவில்லை

எங்கள் தோட்டப் பள்ளியின் முன்னாள் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரே, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். ஒரு முறை சொல்லியிருந்தால் மறதி என்று விட்டிருப்பேன். கல்யாணம், காதுகுத்து, பிரியாவிடை என்று மைக் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்கிறீர்கள். போன மாதம் ஈப்போவில் நடந்த ஆசிரியர் விருந்திலும் "நம்ம கணக்கு டீச்சர் கணக்குப் போட்டுக் குடுத்த அண்டா இருக்கே" என்று ஆரம்பித்தீர்கள். கூடமே சிரித்தது. இளம் ஆசிரியர்களே, நீங்களும் சிரித்தீர்கள். நான் கோழித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யார் யார் சிரிக்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அனுபவத்தை எழுதித் தரும்படி இந்த மலர்க்குழுவினர் கேட்டார்கள். அன்பு, பொறுமை, தியாகம் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அதை எழுத ஆள் இருக்கிறது. நான் அண்டாவைப் பற்றி எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் லகாட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டை எழுதி அதன் தலையில் சின்னதாக ஒரு மூன்றைப் போட்டால் பாதி வகுப்பு ஆறு என்று விடை எழுதும். இரண்டு, மூன்று, ஆறு. உங்கள் வகுப்பிலும் எழுதும். அது மூன்று இரண்டுகளைக் கூட்டுவதில்லை, மூன்று இரண்டுகளைப் பெருக்குவது, விடை எட்டு என்று தொண்டை காயச் சொல்வேன். பிள்ளை ஆறு என்று எழுதினால் சிவப்பு மையால் அடிக்கலாம். பெரிய மனிதர் ஆறு என்று சொன்னால் அவருக்கு நாற்காலி போட்டுத் தேநீர் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலில் உள்ள சிக்கலே அதுதான்.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாயசம் உண்டு. பாயசம் காய்ச்ச ஓர் அண்டா இருந்தது. ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், பீப்பாய் மாதிரி நேராக இருக்கும். நிரப்பினால் முந்நூறு பேருக்குச் சரியாக வரும். அந்த வருடம் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியையும் சேர்த்து விழா நடத்துவதென்று முடிவானது. அறுநூறு பேர் வருவார்கள். தலைவர் கூட்டத்தில் எழுந்து புது அண்டா செய்துவிடலாம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுவாரம் கல்வி இலாகாவில் எனக்கு வேலை இருந்தது. தலைவர் மளிகைக்கடை வைத்திருந்தவர். சொந்தமாக ஒரு லோரி ஓட்டினார். "ஈப்போவுக்குத்தான் போறேன், ஏறிக்கோங்க டீச்சர்" என்றார். ஏறினேன். வழியில் லகாட்டில், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் பட்டறை முன்னால் லோரியை நிறுத்தினார். லம்பம் என்கிற ஈயச் சுரங்கங்களுக்குக் குழாயும் வாளியும் செய்துகொண்டிருந்த பட்டறை அது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்ததால் தவுக்கே வந்த வேலையை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மின்விசிறி போட்டு உட்கார்ந்திருந்த இடத்தில், மாதிரிக்காக லோரியில் கொண்டு வந்த பழைய அண்டாவை இறக்கி வைத்தோம்.

தலைவர் அதைத் தட்டிக் காட்டினார். "இதே மாதிரி. ஆனா டபல்."

தவுக்கே, டபல் என்றால் எது டபல் என்று மலாய் மொழியில் கேட்டார். உயரமா, அகலமா?

"செமுவா டபல் லா," என்றார் தலைவர். எல்லாமே டபல். "உயரம் மூணு அடி, அகலம் மூணு அடி."

நான் பக்கத்தில்தான் நின்றேன். சும்மா இருக்க முடியவில்லை.

"தலைவரே, எட்டு மடங்கு வரும்."

"எது?"

"பாயசம் கொள்ற அளவு. நீளத்துல ரெண்டு, அகலத்துல ரெண்டு, உயரத்துல ரெண்டு. ரெண்டு ரெண்டு நாலு, நாலு ரெண்டு எட்டு."

தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. "டீச்சர், போன வருசம் முந்நூறு பேர். இந்த வருசம் அறுநூறு. ரெண்டு மடங்கு சனம், ரெண்டு மடங்கு அண்டா. நடுவுல எட்டு எங்கேருந்து வந்துச்சு?"

இதற்குள் தவுக்கே சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, பழைய அண்டாவுக்குப் போன தகட்டைப் போல நாலு மடங்கு தகடு வேண்டும் என்றார். தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு மடங்கு அண்டாவுக்கு நாலு மடங்கு தகடா? ஏமாத்தப் பாக்கிறான் டீச்சர்."

"அவர் சொல்றது சரிதான். தகடுன்னா பரப்பு. ரெண்டு ரெண்டு நாலு."

தலைவர் இடுப்பில் கை வைத்தார். "கொஞ்சம் முந்தி எட்டுன்னீங்க. இப்ப நாலுங்கிறீங்க. முதல்ல எதுன்னு ஒரு முடிவுக்கு வாங்க டீச்சர்."

"ரெண்டும் சரி. தகட்டுக்கு நாலு. உள்ள போற பாயசத்துக்கு எட்டு."

"ஒரே அண்டாவுக்கு ரெண்டு கணக்கா? அண்டா ஒண்ணுதானே?"

தவுக்கே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம். "செமுவா டபல்?" என்று மறுபடி கேட்டார். "ஆ, செமுவா டபல்," என்றார் தலைவர்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பரப்புக்கு ஒரு பெருக்கல், கொள்ளளவுக்கு இன்னொரு பெருக்கல் என்பதை வாயால் சொல்லி யாருக்கும் புரிய வைக்க முடியாது. ஐந்தாம் வகுப்புக்கும் முடியாது, சங்கத் தலைவருக்கும் முடியாது. தீப்பெட்டிகளை அடுக்கிக் காட்டுங்கள். ஒரு பெட்டியை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்க எட்டுப் பெட்டி வேண்டும் என்று விரல் தொட்டு எண்ணட்டும். பட்டறையில் அன்று தீப்பெட்டி இருந்தது, ஒன்றே ஒன்று. தவுக்கே அதை வைத்துச் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

அண்டா விழாவுக்கு முதல் நாள் லோரியில் வந்தது. சமையல்காரர் வீராசாமி அண்ணன் காத்திருந்தார். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எந்த விசேஷத்துக்கும் அவர் கைதான். அண்டாவை இறக்கியதும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"தலைவரே, இதுல பாயசம் காய்ச்சணுமா, இல்ல நான் இறங்கிக் குளிக்கணுமா?"

"பேசாம வேலையப் பாருங்க அண்ணே."

அண்டா சமையல் கொட்டகையின் கதவுக்குள் நுழையவில்லை. படுக்க வைத்து உருட்டிப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். தலைவர், கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் போகும் என்றார். மூன்றடி அண்டா இரண்டரை அடிக் கதவுக்குள் வேகத்தினால் போகாது. கடைசியில் திடலில் காற்பந்துக் கம்பத்துக்குப் பக்கத்தில் கல் அடுக்கி அடுப்பு மூட்டினார்கள். அடுப்பின் மேல் ஏற்றியதும் அண்டாவின் விளிம்பு வீராசாமி அண்ணனின் தாடைக்கு வந்தது. ஆறாம் வகுப்பு பெஞ்சு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் மேல் நின்று, பழைய லம்பத்துக் குளத்திலிருந்து கொண்டு வந்த படகுத் துடுப்பால் கிண்டினார். துடுப்பைக் கழுவினார்களா என்று நான் கேட்டேன். கழுவியதாகச் சொன்னார்கள். நான் பாயசம் குடிக்கவில்லை.

வீராசாமி அண்ணனுக்கு அடுக்கும் பின்னமும் தெரியாது, தெரிந்ததாகச் சொன்னதும் இல்லை. பழைய அளவுக்கு எல்லாச் சாமானும் இரண்டு பங்கு போடச் சொன்னார்கள், போட்டார். ஜவ்வரிசி, சீனி, பால், எல்லாம் இரண்டு பங்கு. பாயசம் நன்றாகவே வந்திருந்தது. அறுநூறு பேருக்குப் போதும்.

திடலின் மறுகோடியில் மேடை. கல்வி இலாகா அதிகாரி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். எதையும் வீணாக்கக்கூடாது என்பது அவர் பேச்சு. தலைமையாசிரியர் அவர் அருகே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். தலைவர், பந்திக்கு முன்னால் ஒரு பார்வை பார்க்கலாம் என்று அடுப்பங்கரைக்கு வந்து பெஞ்சில் ஏறினார். எட்டிப் பார்த்தார்.

அண்டாவின் அடியில் பாயசம். மேலே வெறும் தகடு.

"அண்ணே, என்ன இது. கால் அண்டாதான் இருக்கு."

"சொன்ன அளவுதான் தலைவரே போட்டேன்."

"முக்கால் அண்டா காலியா இருக்கு. பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க எல்லாம் வந்து உக்காந்திருக்காங்க. பாயசம் பத்தலன்னா நாளைக்கு லகாட் பாசார்ல என் மூஞ்சியக் காட்ட முடியுமா?"

நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். ஓடினேன்.

"தலைவரே, இந்தக் கால் அண்டா பழைய அண்டாவுக்கு ரெண்டு அண்டா. தாராளமாப் போதும்."

"கால் எப்படி டீச்சர் ரெண்டாகும்? கால்னா ஒண்ணுக்கும் கீழ. இது மூணாம் வகுப்புப் பாடம். எனக்கே தெரியுது."

"எதுல கால்னு பாருங்க. எட்டுல கால் ரெண்டு."

"மறுபடியும் எட்டா?"

இளையவர்களே, இதை மட்டுமாவது வெட்டி எடுத்து மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்துக்கொள்ளுங்கள். பின்னத்தைச் சொல்லும்போது எதில் என்று சேர்த்துச் சொல்லாதவனுக்கு மதிப்பெண் போடாதீர்கள். அரைக் கிண்ணமும் அரைக் கிணறும் ஒன்றல்ல. கால் என்றதும் குறைவு என்று பயப்படுகிற புத்திதான் பரீட்சையிலும் தவறுகிறது, பந்தியிலும் தவறுகிறது.

தலைவர் கேட்கவில்லை. கடைச் சாமான் ஏற்றிய அவருடைய லோரி திடல் ஓரத்தில்தான் நின்றது. ஜவ்வரிசி மூட்டை, சீனி மூட்டை, ஒரு பெட்டி நிறையப் பால் டின். "கொட்டுங்க அண்ணே. அரை அண்டாவாவது வரணும்." வீராசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். தலைவர் பெஞ்சில் நின்றபடி ஆமாம் என்று தலையாட்டினார். பெஞ்சு உயரமான இடம்.

வாயால் பேசிப் பயன் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஊற்றி அளந்து காட்ட வேண்டும். அதற்குப் பழைய அண்டா வேண்டும். எங்கே என்று கேட்டேன். மேடையில் என்றார்கள். ஒலிபெருக்கிப் பெட்டியை வைக்க உயரமாக ஒன்று வேண்டும் என்று பழைய அண்டாவைக் கவிழ்த்து, மேலே ஜரிகைத் துணி போர்த்தி, பெட்டியை அதன் மேல் வைத்திருந்தார்கள்.

மேடைக்குப் போனேன். அதிகாரி வீணாக்காமை பற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "என்ன டீச்சர்?"

"அண்டா வேணும் சார்."

"இப்பவா? அதிகாரி பேசிக்கிட்டு இருக்காரு."

"அவர் கூடாதுங்கிறத அங்க செஞ்சுக்கிட்டு இருக்காங்க சார்."

அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க நேரமும் இல்லை. ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தேன். ஒயர் ஒன்று கழன்றது. அதிகாரியின் குரல் நடு வாக்கியத்தில் நின்றுபோனது. அவர் அது தெரியாமல் கையை ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். நான் ஜரிகைத் துணியை நாற்காலியில் போட்டுவிட்டு அண்டாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு திடலைக் கடந்தேன். ஒலிபெருக்கி செத்துவிட்டதால் கூட்டத்துக்கு வேறு வேலை இல்லை. எழுந்து என் பின்னால் வந்தது.

போய்ச் சேர்ந்தபோது அண்டாவில் பாதி ஏறியிருந்தது. அடுப்பை எரியவிட்டுக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பழைய அண்டாவை வைத்து, வாளியால் அள்ளி ஊற்றச் சொன்னேன். வீராசாமி அண்ணன் ஊற்றினார். ஐந்தாம் வகுப்பைச் சுற்றி நிற்க வைத்து எண்ணச் சொன்னேன். "ஒண்ணு" என்று கத்தினார்கள். அந்த அண்டா பந்திக்குப் போய்க் காலியாகத் திரும்பி வந்தது. "ரெண்டு." அதுவும் போனது.

"எல்லாருக்கும் கெடைச்சிருச்சா?" என்று கேட்டேன்.

"கெடைச்சிருச்சு டீச்சர். ரெண்டாவது தடவை வேணாங்கிறாங்க."

"அண்ணே, உள்ள இன்னும் எவ்ளோ இருக்கு?"

வீராசாமி அண்ணன் துடுப்பை விட்டுப் பார்த்தார். "நீங்க கால்னு சொன்னீங்களே, அந்தக் கால் அப்படியே இருக்கு."

"அப்ப பழைய அண்டாவுக்கு இன்னும் எத்தனை?" பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டேன்.

"ரெண்டு!"

அத்தனை பேரும் சொன்னார்கள். ஒருவன்கூடத் தவறவில்லை. என் வேலைக்காலத்தில் மொத்த வகுப்பும் ஒரு பின்னக் கணக்கைச் சரியாகச் சொன்னது அன்று ஒரு நாள்தான். எனக்கு அது போதும் என்று இருந்தது. தலைவர் பக்கம் பார்த்தேன். அவர் அங்கே இல்லை. மேடைக்குப் போய்விட்டார். ஒயரை மாட்டிவிட்டார்கள், ஒலிபெருக்கிக்கு உயிர் வந்துவிட்டது, மைக் அவர் கையில் இருந்தது.

"பாயசம் கொஞ்சம் மிஞ்சிப் போச்சு. யாரும் தப்பா நெனைக்க வேணாம். நம்ம கணக்கு டீச்சர் பட்டறையில வச்சு எட்டு மடங்குன்னு கணக்குக் குடுத்தாங்க. படிச்சவங்களாச்சேன்னு நானும் அப்படியே செய்யச் சொல்லிட்டேன்."

நான் எட்டு மடங்கு வந்துவிடும் என்று எச்சரித்தேன். அவர் எட்டு மடங்கு வேண்டும் என்று நான் கேட்டதாக மாற்றிவிட்டார். எண் சரியாகத்தான் இருந்தது. அது எதற்கான எண் என்பதைத்தான் கழற்றி எறிந்துவிட்டார். தனியாக நிற்கிற எண்ணை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். எந்த எண்ணையும் தனியாக விடாதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்வது புத்தகத்தில் படித்து அல்ல.

மிச்சப் பாயசத்தைப் பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி ரப்பர் வளையம் போட்டுப் பொங்குஸ் பொட்டலம் கட்டினோம். தொழிலாளர் லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் போனது. பத்து காஜா ஊருக்குப் போகும் பஸ்ஸின் ஓட்டுநருக்கு இரண்டு பை. முச்சந்தியில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய மாமாக் கடைக்கு ஒரு வாளி. கடைக்காரர், "எங்க வாப்பா கல்யாணத்துலகூட இவ்ளோ பாயசம் இல்ல டீச்சர்," என்றார். தவுக்கேவுக்கும் ஒரு பை அனுப்பினோம். அதற்கும் மேல் இருந்தது ஆடுகளுக்குப் போனது. ஆடுகளும் ஒரு கட்டத்தில் தலையைத் திருப்பிக்கொண்டன.

மறு திங்கட்கிழமை தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். பெற்றோர்கள் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள், அதிகாரி வேறு ஒயரைப் பற்றிக் கேட்டார், கொஞ்ச நாளைக்குக் கணக்கை வேறு ஆசிரியர் எடுக்கட்டும் என்றார். பாயசத்துக்கே கணக்குத் தெரியாதவர் பரீட்சைக்கு என்ன சொல்லித்தரப் போகிறார் என்று சங்கத்தில் கேட்டார்களாம். அந்த ஐந்தாம் வகுப்புக்கு அந்த வருடம் அரசாங்கப் பரீட்சை. வருடத் தொடக்கத்திலிருந்து நான் தயார்படுத்திய பிள்ளைகள். எனக்கு இசைப் பாடம் கொடுத்தார். எனக்குப் பாட வராது. நான் பாடினால் பக்கத்து வகுப்பில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

அதனால் இசைப் பாடத்தில் பிள்ளைகளை நிற்க வைத்து, "ரெண்டு ரெண்டு நாலு, நாலு ரெண்டு எட்டு, எட்டில் கால் ரெண்டு" என்று பாட வைத்தேன். மெட்டு என்று ஒன்றும் கிடையாது. கைதட்டுவது மட்டும் சரியாக இருக்கும். தலைமையாசிரியர் ஒரு நாள் வாசலில் நின்று கேட்டார். "இது என்ன பாட்டு டீச்சர்?" "நாட்டுப்புறப் பாட்டு சார்," என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பரீட்சை வந்தது. அந்தக் கணக்குகளில் என் பிள்ளைகள் யாரும் ஆறு என்று எழுதவில்லை. அடுத்த வருடம் ஒன்றும் சொல்லாமல் கணக்குப் பாடத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்றும் சொல்லாமல் என்பதைக் கவனியுங்கள். தப்பாகச் சொன்னது மைக்கில், திருத்தியது வாய் மூடிக்கொண்டு.

அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் நான் அண்டா டீச்சராகவே இருக்கிறேன். ஆயர் தாவாரில் ஒரு கல்யாணத்தில், என்னை அதற்கு முன் பார்த்தே இராத ஒரு பையன், "நீங்கதானே எட்டு மடங்கு" என்று கேட்டான். உங்களில் யாருக்காவது இது நடக்கும். நீங்கள் சரியாகச் சொன்னது உங்கள் தவறாகத் திரும்பி வரும். அன்று மரியாதை கருதிச் சும்மா இருக்காதீர்கள். மைக் கழன்று கிடக்கும்போதே போய் எடுத்துவிடுங்கள்.

தலைவரே, இனி உங்களுக்கு. பெரிய அண்டா இன்னும் பள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சின்ன அண்டா கோயில் கொட்டகையில் இருக்கிறது. நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அடுத்த பள்ளி ஒன்றுகூடலுக்கு இரண்டையும் மேடையில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். குழாயும் போட்டிருப்பார்கள். சின்னதால் பெரியதை நீங்களே உங்கள் கையால் நிரப்புங்கள். எத்தனை முறை ஊற்றினீர்கள் என்று உங்களுக்குப் பிடித்த அந்த மைக்கில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு இறங்கிவிடாதீர்கள். இந்தத் தடவை ஒயரை நான் கழற்ற மாட்டேன். லகாட் பட்டறையில் "செமுவா டபல்" என்று இரண்டு முறை சொன்ன ஆள் யார்? நீங்களா, நானா? எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.